மஸூதா தாத்தா காதால் பார்த்த படம்

அந்த வொய்ஸ் மெசேஜை அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எங்கே ஆரம்பித்தாலும் யாராவது ஒருவர் குறுக்கே விழுந்து, "யாகூப், நீங்கதானே அனுப்பினீங்க?" என்று கேட்காமல் விடுவதில்லை. ஆமாம், நான்தான். விரல் என்னுடையது. ஆனால் வாய் என்னுடையதல்ல, என் தாத்தாவுடையது. எங்கள் ஆட்கள் உடன்பிறந்த அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவோம். வெளியூர்க்காரர்கள் வழுக்கைத் தலையும் கைத்தடியுமாக ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால் அதற்கும் நான் பொறுப்பில்லை.

மஸூதா தாத்தாவுக்கு ஐம்பத்தொரு வயது. மாத்தளை டவுனில் எங்கள் லேனில் மூன்றாவது வீடு அவருடையது, நான்காவது என்னுடையது. அபாயா, ஸ்கூல் யூனிபோம், கலியாண வீட்டுச் சட்டை எல்லாம் தைப்பார். கை வேகம், வாய் அதைவிட வேகம். தையல் மெஷின் முன் ஜன்னலோரம் இருக்கும், வெளிச்சத்துக்காக. டீவி பின் சுவரில் இருக்கும், வீட்டில் இருக்கிற ஒரே நல்ல பிளக் பொயின்ட் அங்கேதான் என்பதற்காக. ஆக, தாத்தா ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் டீவி பார்க்கிறார், டீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரேயொரு தடவை, கதாநாயகன் விம்மி விம்மி அழுகிறானே, முகத்தையும் பார்ப்போம் என்று திரும்பினார். ஊசி ஆட்காட்டி விரலுக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் யாருக்காகவும் திரும்பியதில்லை.

"கேக்குறீங்களா, பாக்குறீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பாக்குறேன். காதால பாக்குறேன். உனக்கு என்ன நட்டம்?" என்றார்.

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. நாங்கள் பிறந்த வீட்டில் சமையல் செய்கிற குசினியின் சுவருக்கு அந்தப் பக்கம் டவுன் தியேட்டர் ஒன்று இருந்தது. வாப்பா கண்டிப்பான ஆள். படம் பார்க்கப் போகக் கூடாது என்றால் கூடாதுதான். ஆனால் சுவரை அவரால் தடுக்க முடியவில்லை. தாத்தா தேங்காய் துருவிக்கொண்டே மூன்று காட்சியும் கேட்பார். பதினாறு வயதில், குரலை மட்டும் கேட்டு மனம் பறிகொடுத்திருந்த ஒரு நடிகனை முதன்முதலாக போஸ்டரில் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அழுதார். "இந்தக் கொரலுக்கு இந்த மூக்கா? அல்லா!" என்பதுதான் காரணம். உம்மா பயந்துபோய், யாருக்கோ மௌத்து, சாவுச் செய்தி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

வருடா வருடம் விருதுக் காலம் வரும். கொழும்பில் கொடுக்கிற விருது, வெளிநாட்டில் கொடுக்கிற விருது, எல்லாவற்றுக்கும் எந்தெந்தப் படங்கள் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன என்று தாத்தாவின் மகள் நுஸ்லா போனில் வாசிப்பாள். தாத்தா ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, தைத்துக்கொண்டே கேட்டு, தீர்ப்பை வொய்ஸாக எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். எண்பத்து மூன்று பேர் இருக்கிற குழு. மௌத்து அறிவித்தலுக்கு அடுத்தபடியாக எல்லோரும் உடனே திறப்பது அந்த வொய்ஸைத்தான்.

ஒன்பது விருதுக்குப் பேர் போட்ட ஒரு கப்பல்காரன் படத்துக்கு அவர் சொன்னது இது: "ரெண்டரை மணித்தியாலம் ஒரு மனுசன் மூச்சு விட்டான். அவ்வளவுதான் படம். மூச்சு விடுறதுக்குப் பரிசு குடுக்கிறதுன்னா எங்கட வாப்பாக்கு ஆஸ்மா இருபது வருசம் இருந்திச்சி, ஒரு கப்பு சரி குடுத்தாங்களா?"

புருசனும் பெண்சாதியும் கோர்ட்டில் நின்று வாதாடுகிற இன்னொரு படத்துக்கு: "அவன் சொல்றதும் சரி, அவ சொல்றதும் சரி. பின்ன என்னத்துக்குக் கோட்டுக்குப் போன? எங்கட பள்ளி நிர்வாகத்துக்கிட்ட சொல்லியிருந்தா அஸர் தொழுகைக்கு முன்ன முடிச்சிக் குடுத்திருப்பாங்க."

வெளிநாட்டில் மெடல் வாங்கிய ஒரு சிங்களப் படத்துக்கு: "அதுல நாயி மட்டும்தான் நடிச்சிருந்திச்சி. மத்தவங்க எல்லாம் சும்மா வாசிச்சாங்க."

எங்கள் லேனில் மற்றவர்களுக்கும் அபிப்பிராயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. தாத்தாவின் கணவர் றம்ஸீன் மச்சான் தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறார். விடியற்காலை போய் வெங்காயத்தோடும் கத்தரிக்காயோடும் மல்லுக்கட்டிவிட்டுப் பகல் வந்து சாய்மனைக் கதிரையில் விழுவார். பேர் ஓடி முடிவதற்குள் குறட்டை. எழும்பியதும் "நல்ல படம்" என்பார். அவர் இதுவரை ஒரு மோசமான படமும் பார்த்ததில்லை. இரண்டாவது வீட்டுச் செல்லையா அண்ணன் கோயிலில் சமையல் பார்த்தவர். அவருடைய அளவுகோல் வேறு. "படத்துல ஒருத்தருமே சாப்பிடலீங்க தங்கச்சி. பசியோட இருக்கிறவன் எப்படிங்க நடிப்பான்?" என்பார். நான் படம் எத்தனை மணித்தியாலம் என்று மட்டும் கேட்பேன். இரண்டுக்கு மேல் என்றால் என் அபிப்பிராயம் அங்கேயே முடிந்துவிடும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

நுஸ்லாவுக்கு இருபத்தாறு வயது. பாமசி ஒன்றில் மருந்து கொடுக்கிற வேலை. நான்கு சம்பந்தம் வந்து நான்கையும் வேண்டாம் என்றவள். ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே சலாம் சொன்னான், ஒருவன் இவள் சம்பளத்தை முதல் கேள்வியாகக் கேட்டான், மற்ற இரண்டையும் சொன்னால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். ஐந்தாவதாகக் கலேவெலயிலிருந்து ஷிஃபான் என்ற பையனுடைய சம்பந்தம் வந்தது. "கொழும்புல சவுண்ட் வேல" என்றார் தரகர். கலியாண வீட்டுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற வேலை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நல்ல ஹலாலான உழைப்புத்தானே என்று மச்சானும் தலையாட்டினார். பெரியவர்கள் சம்மதத்தோடு பையனும் பெண்ணும் இரண்டு தடவை போனில் பேசினார்கள். இரண்டாவது தடவை பேசி முடித்துவிட்டு வந்த நுஸ்லா, "எனக்குச் சரி" என்று சொன்னாள்.

அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் நான்கு வருடம் காத்திருந்தோம். தாத்தா மெஷினை நிறுத்திவிட்டு அழுதார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வருவது என்று முடிவாயிற்று.

இடையில் விருதுப் பட்டியல் வந்துவிட்டது. நுஸ்லா ஒரு படத்தை மட்டும் எடுத்து, "உம்மா, இதக் கட்டாயம் பாருங்க. நம்ம பக்கம் எடுத்த படம். நாலு விருதுக்குப் பேர் போட்டிருக்காங்க" என்றாள். படத்தின் பெயர் 'தகரத்தின் மௌனம்'. சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு ஸ்பீக்கரை வாங்கிவந்து, பின் ஜன்னலடியில் வைத்து, டீவியோடு இணைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஏன் இவ்வளவு கரிசனை என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் லேனின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு வீடு. ஏழு வீட்டு வாசலிலும் மிளகு காயும். நான் பச்சை மிளகு வாங்கிக் காயவைத்து விற்கிறவன், மற்றவர்கள் தங்கள் தங்கள் கொடியில் பறித்தது. மிளகு காய்கிற நாட்களில் யார் காதில் மழைச் சத்தம் முதலில் விழுகிறதோ அவர் "மழ!" என்று ஒரு கத்துக் கத்த வேண்டும். கேட்டவர்கள் ஏன், எங்கே என்று கேட்காமல் ஓட வேண்டும். ஆளில்லாத வீட்டு மிளகை முதலில் அள்ள வேண்டும், சொந்த மிளகு கடைசி. மாத்தளையில் முன்வாசலில் வெயில் எரிந்துகொண்டிருக்கும்போதே பின்பக்க மலையில் மழை இறங்கிவிடும். வானத்தை நம்பினால் மிளகு போய்விடும், அதனால் நாங்கள் காதை நம்புகிறோம். லேனில் மிகவும் கூர்மையான காது யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணி. நல்ல சுள்ளென்ற வெயில். நான் சோற்றில் கை வைத்தேன்.

"மழ! மழ! மழ!"

தாத்தாவின் குரல். நான் எச்சில் கையோடு ஓடினேன். ஐந்தாம் வீட்டு மனுசி தொழுகை உடையோடு ஓடிவந்தாள். றம்ஸீன் மச்சான் சாய்மனையிலிருந்து எழும்பி, பாதித் தூக்கத்தில், மிளகு இருந்த தார்ப்பாய்ப் படங்கை விட்டுவிட்டு வெறும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். செல்லையா அண்ணன் ஆளில்லாத ஏழாம் வீட்டு மிளகைத் தனியாளாக இழுத்தார், சிதறிய மிளகில் கால் வைத்தார், சறுக்கி உட்கார்ந்தார். பத்தே நிமிடத்தில் ஏழு வீட்டு மிளகும் உள்ளே. எல்லோரும் மூச்சு வாங்க வாசலில் நின்று மழைக்காகக் காத்திருந்தோம்.

வெயில். ஒரு மேகம்கூட இல்லை. காகம் ஒன்று மதிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது.

"எங்கங்க மழை?" என்றார் செல்லையா அண்ணன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்குள் மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில்.

அன்று பின்னேரம் குடும்பக் குழுவுக்கு வந்த வொய்ஸை அப்படியே தருகிறேன். இப்போது எனக்கு மனப்பாடம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் கேளுங்க. 'தகரத்தின் மௌனம்'னு ஒரு படம். நாலு விருதுக்குப் பேர் போட்டிருக்காங்களாம். முப்பத்தஞ்சு நிமிசம் ஒரு மனுசனும் வாயத் தொறக்கல. ஒரு கதவு மட்டும் கிறீச் கிறீச்சுங்குது, அதுக்கு ஒரு சொட்டு எண்ண போட நாதியில்ல. சரின்னு பொறுத்தேன். அப்ப வந்திச்சி பாருங்க ஒரு மழ! ஏழு வீட்டு மிளகும் உள்ளுக்கு. செல்லையா அண்ணன்ட முழங்கால் வீங்கிப் போய் இரிக்கி. வெளிய பாத்தா வெயில் பல்லக் காட்டுது. அந்த மழையப் போட்டவன் மட்டும் என்ட கையில கெடச்சான்னா, ஒரு கொத்து மிளக வாயில கொட்டி மென்னு முழுங்க வெப்பேன். இப்படி ஊர ஏமாத்துறவனுக்கு எவன்தான் பொண்ணு குடுப்பான்? குடுத்தா, அந்தப் பொண்ணுட உம்மாக்கு அறிவில்லன்னு அர்த்தம். வஸ்ஸலாம்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அடுத்த நாள் ஒரு வியாபாரி, மிளகு ஏன் ஒரு நாள் பிந்துகிறது என்று எங்கள் மிளகு வியாபாரிகள் குழுவில் கேட்டார். விளக்கம் எழுதச் சோம்பல். வொய்ஸை அனுப்பிவிட்டேன். மனிதன் செய்யாத தவறா? இருநூறு பேர் இருக்கிற குழு என்பது அப்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நாலந்தா தாண்டிப் போகிற பஸ்ஸில் அது ஓடியதாக ஒருவர் சொன்னார். வெள்ளிக்கிழமை விடிய றம்ஸீன் மச்சான் தம்புள்ளையில் பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்து தன் பெண்சாதியின் குரல் வருவதைக் கேட்டுத் திடுக்கிட்டுத் தேடியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு லொறிக்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தானாம். சனிக்கிழமை அது கலேவெலக்குப் போய்ச் சேர்ந்தது.

மாப்பிள்ளையின் தாய் ஸுபைதா எங்களுக்குப் போன் எடுத்தார். தாத்தா கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில்.

"அந்த மழையப் போட்டது எங்கட மகன்தான்" என்றார் அந்த மனுசி. "லவுட்ஸ்பீக்கர் வேலையில்ல, படத்துக்குச் சத்தம் எடுக்கிற வேல. நாலு பேருக்கு முன்னால சொல்லக் கூச்சப்பட்டுத் தரகர்ட்ட அப்படிச் சொன்னோம். சரி, எவன் பொண்ணு குடுப்பான்னு நீங்களே ஊருக்குச் சொல்லிட்டீங்க. நாங்க என்னத்துக்கு வேன் புடிச்சி வந்து அதையே திரும்பக் கேக்கணும்?"

போன் வைக்கப்பட்டது. தாத்தா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"யாகூப்! குடும்பத்துக்குள்ள அனுப்பினத ஊருக்கு அனுப்ப ஒனக்கு யாரு சொன்ன? பிஸ்ஸாடா ஒனக்கு, பைத்தியமா?" என்று தொடங்கினார். மஃரிப் தொழுகை வரை நிறுத்தவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, ஒருவனுக்குப் பெண் கொடுப்பதைப் பற்றி ஒரு படத்துக்கு அபிப்பிராயம் சொல்லும்போது ஏன் பேச வேண்டும் என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மஃரிபுக்குப் பிறகும் தொடர்ந்தது.

நுஸ்லாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். அவன் செய்த வேலையை உம்மா முன்கூட்டியே கேட்டு, பிடித்துப்போய், பிறகு யாருடையது என்று சொன்னால் சந்தோசப்படுவார் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள் பாவம். அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் தேத்தண்ணியும் விசுக்கோத்தும் மட்டும். நாங்கள் அவளைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. எப்படி என்று தெரியவில்லை.

மச்சான்தான் கலேவெலக்கு நேரில் போனார். வெறுங்கையோடு போகாமல் ஒரு மூட்டை மரக்கறியோடு போனார். ஒரு நிபந்தனையோடு திரும்பினார். வருவார்கள். ஆனால் தாத்தா அந்தப் படத்தை முழுசாக, கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, வருகிற ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் தன் வாயால் "நல்ல படம்" என்று சொல்ல வேண்டும்.

"இவ்வளவுதானே?" என்றேன் நான். "ரெண்டு சொல்லு. மச்சான் வாழ்நாள் முழுக்கச் சொல்ற அதே ரெண்டு சொல்லு."

என் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சட்டை சரியில்லை என்றால் வாங்க வந்தவளிடமே சரியில்லை என்று சொல்லிப் பிரித்துத் தைக்கிற ஆள். மாமியார் வைத்த முதல் கறிக்கு உப்பு இல்லை என்று கலியாணமாகி மூன்றாம் நாள் சொன்னவர். பொய் அவருக்கு வராது. சத்தியவான் என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை, அது ஒரு வியாதி.

திங்கட்கிழமை கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டீவிக்கு நேரே உட்கார்ந்தார். கையில் தையல் இல்லாமல் கை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கிலோ பூண்டை உரித்துத் தள்ளினார். படம் முடிந்தது.

"எப்படி?" என்றேன்.

"கேட்டத விட மோசம். அவன் செவரப் பாக்குறான், நான் அவனப் பாக்குறேன். செவரு யாரப் பாக்குது?"

வியாழக்கிழமை மறுபடி பார்த்தார். இந்த முறை கையில் காகிதமும் பேனையும், நல்லதாக எதாவது தெரிந்தால் குறித்துக்கொள்ள. முடிவில் காகிதத்தில் ஒரே வரி: "கதவு நல்ல பலா மரம்."

சனிக்கிழமை ஒத்திகை. நான் ஸுபைதாவாக நடித்தேன். "படம் எப்படி இருந்திச்சி?" என்று கேட்டேன். தாத்தா கண்ணை மூடினார், பிஸ்மி சொன்னார், "நல்ல..." என்றார். வாய் அங்கேயே நின்றது. "நல்ல நீளமான படம்."

"தாத்தா!"

"சொல்லிருவேன்டா. நாளைக்கிச் சொல்லிருவேன். புள்ளைக்காகச் சொல்ல மாட்டேனா?"

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. ஒன்பது பேர். ரோல்ஸ், பெட்டிஸ், மஸ்கட், கேக் எல்லாம் மேசையில். ஷிஃபான் ஒல்லியான பையன், தலையை நிமிர்த்தவில்லை. நலம் விசாரித்து முடிந்தது, வெயிலைப் பற்றிப் பேசி முடிந்தது. ஸுபைதா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"படம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ரெண்டு தரம்."

"எப்படி?"

திரைச்சீலைக்குப் பின்னால் நுஸ்லாவின் கால் விரல்கள் தெரிந்தன. நான் தாத்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சொல்லுங்கள், முடித்துவிடுங்கள்.

"நல்ல..." என்றார் தாத்தா. தொண்டையைச் செருமினார். "நல்ல மழ."

அடடா, கெட்டிக்காரி என்று நான் மூச்சு விட்டேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஆனா படம் நல்லா இல்ல. என்ன மன்னிச்சிக்கோங்க. சொல்லணும்னுதான் இரிந்தேன். வருதில்ல."

ஸுபைதாவின் முகம் இறுகியது. பக்கத்தில் இருந்த பெரியவர் தொப்பியைச் சரிசெய்தார், எழும்புவதற்கு முன் செய்கிற மாதிரி. றம்ஸீன் மச்சான் வாழ்க்கையிலேயே முதன்முறையாகப் பகலில் முழுசாக விழித்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அப்போது ஷிஃபான் தலையை நிமிர்த்தினான்.

"மாமி, மழை எந்தப் பக்கமிருந்து வந்திச்சி உங்களுக்கு?"

"என்ன கேள்வி இது? பின்பக்கமிருந்து. மலையிலயிருந்து எறங்கி வந்திச்சி. முதல்ல வாழ எலையில நாலஞ்சு சொட்டு. பொறகு கொஞ்சம் நின்னிச்சி. பொறகுதான் தகரத்துல ஒரேயடியா."

பையன் கண் கலங்கிவிட்டது. "அந்த நாலஞ்சு சொட்டுக்காக ரத்தோட்டைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல பதினொரு நாள் கெடந்தேன் மாமி. நடிப்புக்குப் பேர் போட்டாங்க, கெமராவுக்குப் போட்டாங்க, உடுப்புக்குக்கூடப் போட்டாங்க. சத்தத்துக்குப் போடல. டைரக்டர் ஒரு வார்த்தை சொல்லல. அந்த வாழை இலையக் கேட்டது இந்த நாட்டுலயே நீங்க ஒராள்தான்."

"கேக்காம? ஏழு வீட்டு மிளகு அள்ளினேனே!" என்றார் தாத்தா. பிறகு, வாய்தான் சும்மா இருக்காதே, "ஆனா கடைசியில வர்ற ரெண்டாவது மழ பொய்" என்றார்.

போச்சு என்று நான் நினைத்தேன். பையன் வெட்கத்தோடு சிரித்தான்.

"அப்ப மழைக்காலம் முடிஞ்சிட்டு மாமி. அது மழையில்ல. எங்கட குசினியில அப்பளம் பொரிச்ச சத்தம்."

"அதானே பார்த்தேன்! எனக்கு அந்த எடத்துல பசிச்சிச்சி!"

ஸுபைதா மகன் பக்கம் திரும்பினார். "அடேய், அண்டைக்கி என்ன நாப்பது அப்பளம் பொரிக்க வெச்சியே, அதுக்கா? நான் பொரிச்சதா படத்துல வந்திச்சி?"

"ஓம் உம்மா."

"நல்லாப் பொரிஞ்சிருந்திச்சி" என்றார் தாத்தா. "எண்ணச் சூடு சரியா இருந்தாத்தான் அந்தச் சத்தம் வரும். ஒண்டு கூடக் கருகல. அதுல பிழ சொல்ல ஏலாது."

ஒருவருடைய முகம் அப்படி இளகுவதை நான் பார்த்ததில்லை. ஸுபைதா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "உண்மையச் சொல்லவா? நான் பத்து நிமிசத்துல தூங்கிட்டேன். கடைசி வரைக்கும் பார்த்திருந்தா என்ட அப்பளத்தக் கேட்டிருப்பேன்."

"நல்ல படம்" என்றார் றம்ஸீன் மச்சான், எல்லோருக்கும் பொதுவாக.

சிரித்து முடிந்ததும் ஸுபைதா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவன்ட வேலையச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் நாலு எடத்துல பொய் சொன்னேன். நீங்க ஒங்கட வாய அடக்கப் பார்த்தும் முடியல. சரி, நேராக் கேக்குறேன். எவன் பொண்ணு குடுப்பான்னு கேட்டீங்களே, நீங்க குடுப்பீங்களா?"

"குடுப்பேன்" என்றார் தாத்தா. "எனக்கு அறிவில்லன்னு ஊரு முழுக்க ஏற்கனவே சொல்லியாச்சு."

நுஸ்லாவைக் கூப்பிட்டு ஸுபைதா கையில் மோதிரம் போட்டார். பெரியவர் ஃபாத்திஹா ஓதினார். நான் இன்னொரு தட்டு ரோல்ஸ் எடுக்கக் குசினிக்குப் போனேன். அங்கே தாத்தா அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாகூப், சத்தியமாச் சொல்றேன், சொல்லத்தான் வாயத் தொறந்தேன்" என்றார். "புள்ளைட வாழ்க்கையாச்சே. ஒரு நாளும் பொய் சொல்லாட்டியும் இண்டைக்கிச் சொல்லிருவோம்னுதான் இரிந்தேன். வரல. அவங்க எழும்பிப் போயிருந்தா நான் எந்த மூஞ்சோட அவளப் பார்ப்பேன்?"

அந்தச் சத்தமான மனுசி அழுவதை, அதுவும் சத்தமில்லாமல் அழுவதை, நான் அன்றுதான் பார்த்தேன். ரோல்ஸ் தட்டை நீட்டினேன்.

நுஸ்லா மோதிரக் கையோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். தாயைப் பின்புறமிருந்து கட்டிக்கொண்டாள்.

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் உம்மா. கதிரையத் திருப்பின அண்டைக்கே அவருக்கு மெசேஜ் போட்டுட்டேன். உம்மாக்குப் பொய் வராது, 'நல்ல படம்'னு சொல்ல மாட்டாங்க, அதுக்குக் கோவிக்கிறதுன்னா வராதீங்கன்னு. அப்படின்னாக் கட்டாயம் வாறேன்னு சொன்னாரு."

தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். மகளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப என்னத்துக்குடி என்ன அந்தப் படத்த ரெண்டு தரம் பாக்க வுட்ட?"